யாருக்காகத் திறந்தது அந்தக் கதவு?

இந்தக் கதையின் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத்தான் போக வேண்டும். ஏழு மாதமாக அங்கே ஒரு நாற்காலி அதிகம். அது தம்பியுடையது.

தம்பியின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் 'கண்ணாடிக்காரி'. ஒரு சாயங்காலம் கடையை விட்டுக் கிளம்பினாள். வீடு வந்து சேரவில்லை. கைப்பேசி கடை இழுப்பறையிலேயே கிடந்தது. "வயசு வந்தவங்க, இஷ்டப்பட்டுத்தான் போயிருப்பாங்க" என்று போலீஸ் கையை உதறிவிட்டது. தம்பி தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்காவிடம் வந்துவிட்டான். அவள் இருக்கிறாளா, இல்லையா, அது தெரிந்தால் போதும் என்பதைத் தவிர, இந்த ஏழு மாதத்தில் அவன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

அன்று காலை மேசையில் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் இருந்தன. தம்பி தட்டுக்கு மேலே இரண்டு கைகளையும் மிதக்கவிட்டு உட்கார்ந்திருந்தான். தட்டைத் தொடவில்லை, ஆனால் தொட்டுவிடுகிற தூரம்.

"மாப்ள, தட்டு தானாத் திரும்பாது. நாமதான் எடுத்துச் சாப்பிடணும்" என்றார் அக்காவின் கணவர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். துக்க வீட்டுக்குப் போனாலும் ஒரு ஜோக் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

தம்பி சட்டென்று கைகளைக் கீழே இறக்கினான். தொழில் செய்த கோளாறு அது.

அவன் உத்தியோகம் அப்படி. தானாக ஓடும் கார்களைத் தெருவில் விடப்போகும் கம்பெனியில், ஓட்டுநர் இருக்கையில் உட்காருகிற வேலை. ஓட்டுகிற வேலை இல்லை. உட்காருகிற வேலை. முதலில் ஒரு வருஷம் அவனும் இன்னும் சில டிரைவர்களும் அந்தக் கார்களை ஓட்டினார்கள். கார்கள் பார்த்துப் படித்துக்கொண்டன. இப்போது அவை ஓட, இவர்கள் ஸ்டியரிங்குக்கு மேலே கைகளை மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். அரசாங்கம் 'தேறியது' என்று சொல்லும்வரை அந்த இருக்கையில் ஒரு மனிதன் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

தேறியதா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் அக்கா. வாகனச் சோதனை அலுவலகத்தில் ஆய்வாளர். லாரிக்காரர்கள் வைத்த பெயர் 'ஃபெயிலம்மா'. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், அவள் காதில் விழும்படி.

"அக்கா, இன்னிக்கு மூணாம் நம்பர் வண்டியில நான்தான் உட்காரப் போறேன்" என்றான் தம்பி.

முட்டையை உரித்துக்கொண்டிருந்த அக்காவின் விரல்கள் நின்றன. "இன்னிக்குக் கடைசி சோதனை. நான் வர்றேன். வேற ஆளையில்ல போட்டிருந்தாங்க?"

"மாத்திக்கிட்டேன். அவனுக்கு வயித்துவலி."

"நிஜமாவே வயித்துவலியா?"

"நான் கேட்டுக்கிட்டப்புறம் வலிச்சுது."

மாஸ்டர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "அறிவிருக்காடா உனக்கு? சொந்தக்காரன் உட்கார்ந்த வண்டிய நான் சோதிக்கக் கூடாது. தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சுடுவாங்க."

"தெரியும்க்கா. ஆனா இன்னிக்கு ரூட் போடறது நீ. அதனாலதான்." அவன் குரலைத் தாழ்த்தினான். வீட்டில் வேறு யாருமே இல்லை, இருந்தாலும் தாழ்த்தினான். "அவ கடைக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்குல்ல. போன வாரத்துலேர்ந்து எல்லா வண்டியும் அங்க போனா நிக்குது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்கல. தானா நிக்குது."

"குப்பைத் தொட்டியைப் பாத்து ஆளுன்னு நினைச்சிருக்கும்."

"குப்பைத் தொட்டிக்கு யாராவது கதவைத் திறந்து விடுவாங்களாக்கா?"

மாஸ்டரின் கையிலிருந்த காபி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"கதவையா திறக்குது?" என்றார்.

"பின்கதவை. நின்ன உடனே நாங்க ஸ்டியரிங்கைக் கையில எடுத்து ஓட்டிட்டு வந்துடணும்னு ஆர்டர். மேல போக விடறதில்ல. சோதனைக்குக் கொடுத்த வண்டியோட ஞாபகத்தை நடுவுல மாத்தக் கூடாதாம், அதனால விட்டு வச்சிருக்காங்க. இன்னிக்கு நீ கையெழுத்துப் போட்டதும் அந்த ஞாபகத்தை அழிச்சிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அது எங்க போகுதுன்னு நான் பாக்கணும்."

"பாத்து?"

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அக்கா எழுந்து தட்டைக் கழுவப் போனாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

"என்ன பண்ணப் போற?" என்றார் மாஸ்டர், அவள் ஷூ மாட்டும்போது.

"வேலைக்குப் போறேன்" என்றாள்.

*

சோதனைத் திடலில் மூன்றாம் நம்பர் கார் நின்றிருந்தது. எந்தக் காரானாலும் அக்கா முதலில் டயரைக் கட்டைவிரலால் அழுத்துவாள். பிறகு குனிந்து அடிவயிற்றைப் பார்ப்பாள். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பாதி வியாதி சத்தத்திலேயே தெரிந்துவிடும். இதற்குச் சத்தமே இல்லை. உயிர் இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

உள்ளே ஒரு திரை. சுற்றிலும் நிற்கிற மனிதர்களை அது நீலக் கோட்டுருவமாக வரைந்து காட்டியது. அக்கா தன்னையே அதில் பார்த்தாள். உயரம் சரி, தோள் சரி. முகம் மட்டும் இல்லை.

"வணக்கம் மேடம்" என்றான் தம்பி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

"ம். பெல்ட்டைப் போடுங்க" என்றாள் அக்கா. பிறந்ததிலிருந்து அவனை முதல்முறையாக மரியாதையோடு அழைத்த நாள் அது.

அவள் முன்னால், தம்பிக்குப் பக்கத்து இருக்கையில். கம்பெனியின் இளம் இன்ஜினியர் பின்னால், மடிக்கணினியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, சாலைப் பக்கத்தில். நடைபாதைப் பக்கத்து இருக்கை காலி.

அக்காவின் மடியில் ஒரு சின்னப் பெட்டி. அதன் தலையில் சிவப்புப் பொத்தான். சோதனை முடியும்வரை கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை காரைத் தொடக் கூடாது. பொறுப்பு முழுக்க ஆய்வாளருடையது. சொன்ன பாதையை விட்டுக் கார் விலகினால் அவள் பொத்தானை அழுத்தியாக வேண்டும். அழுத்தினால் கார் நின்ற இடத்திலேயே செத்துவிடும். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பூட்டைத் திறக்கும்வரை அதை யாராலும் எழுப்ப முடியாது, அதன் ஞாபகத்தில் யாரும் கை வைக்கவும் முடியாது.

அக்கா பாதையைச் சொன்னாள். கடைத்தெரு, அதன் பின்சந்து, பெரிய சாலை, திரும்பத் திடல்.

"பின்சந்து எதுக்கு மேடம்? ரொம்பக் குறுகல்" என்றான் இன்ஜினியர்.

"குறுகலான தெருவுல ஜனங்க குடியிருக்கக் கூடாதா?"

அவன் மடிக்கணினியைத் திறந்தான்.

கார் கிளம்பியது. இன்று தம்பியின் கைகள் மடியில். அவனுக்கு முன்னால் ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. வேகமாக இல்லை, நிதானமாக, பழகிய ஒருவர் யோசனையில் மூழ்கித் திருப்புவது போல. அக்கா வேலையில் கண் வைத்தாள். சிக்னலில் நின்றது, சரி. சைக்கிளுக்கு ஒதுங்கியது, சரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

சந்து வந்தது. இரண்டு பக்கமும் கடைகளின் முதுகுகள். ஏசிப் பெட்டிகள் சொட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக் கடையின் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு கால் உடைந்த சுழல் நாற்காலி.

கார் வேகம் குறைந்தது. ஓரம் ஒதுங்கியது. நின்றது.

அக்கா திரையைப் பார்த்தாள். நீல உருவம் எதுவும் இல்லை. வெளியே பார்த்தாள். யாரும் இல்லை.

நடைபாதைப் பக்கத்துப் பின்கதவு மெல்லத் திறந்தது.

ஈரக் காற்று உள்ளே வந்தது. கார் காத்திருந்தது. கைப்பையை மடியில் இழுத்து வைத்து, இரண்டாவது காலையும் உள்ளே வாங்கிக்கொள்ள ஒருத்திக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு கதவு மூடிக்கொண்டது, விரல் நசுங்கிவிடக் கூடாதே என்பது போலப் பதமாக.

காலி இருக்கையின் பக்கத்து ஜன்னல் கண்ணாடி நாலு விரல் அகலம் இறங்கி நின்றது.

"பாத்தியாக்கா?" என்றான் தம்பி. "நாலு விரக்கடை."

கண்ணாடிக்காரிக்கு மூடிய காரில் உட்கார்ந்தால் தலை சுற்றும். வெயில் கொளுத்தினாலும் மழை அடித்தாலும் ஜன்னலை நாலு விரக்கடை இறக்கியே ஆக வேண்டும். "தெருவுக்கே ஏசி போடறாளே!" என்று மாஸ்டர் ஒவ்வொரு பயணத்திலும் கத்துவார்.

"அக்காவா?" என்றான் இன்ஜினியர் பின்னாலிருந்து. "மேடம், இவர் உங்க தம்பியா?"

"அதை அப்புறம் பேசலாம். இது என்னன்னு நீ சொல்லு முதல்ல."

அவன் மடிக்கணினியை இரண்டு தட்டுத் தட்டினான். "பழைய பாடம் மேடம். போன வருஷம் டிரைவர்கள் ஓட்டினப்போ யாரோ தினமும் இங்க நிறுத்தி ஆளை ஏத்தியிருக்காங்க. போன வாரம் பழைய பாடங்களை மறுபடியும் படிக்க விட்டோம். அப்போதான் இது மேல வந்தது."

"யாரு அது?"

"சொல்ல முடியாது மேடம். ஒரு வண்டி கத்துக்கிட்டதை ராத்திரியே எல்லா வண்டிக்கும் கொடுத்துடுவோம். எல்லாம் கலந்து போச்சு."

"நாங்க ஓட்டினப்போ நான் இந்தச் சந்துக்குள்ள ஒரு நாள்கூட வந்ததில்ல" என்றான் தம்பி, முன்னால் பார்த்தபடியே. "எனக்கு வேற ஏரியா கொடுத்திருந்தாங்க."

காரின் வலது விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. அக்கா சொன்ன பாதை இடதுபக்கம்.

"மேடம், பாதையை விட்டுப் போகுது. அழுத்துங்க."

அவள் கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது.

"இப்ப அழுத்தினா, இது எங்க போகப் போகுதுன்னு பின்னாடி பாத்துத் தெரிஞ்சுக்க முடியுமா?"

"முடியாது மேடம். விலாசம் மாதிரி உள்ள எழுதியா வச்சிருக்கு? ஓடினாதான் தெரியும்." சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. "ஆனா சட்டம்..."

"சட்டம் எனக்குத் தெரியும்."

பல்பு எரியவில்லை என்பதற்காகக் கல்யாண வண்டியையே திருப்பி அனுப்பியவள் அவள். கட்டைவிரலை எடுத்தாள். அது அவள் கை மாதிரியே இல்லை.

"ஓடட்டும்" என்றாள்.

*

கார் வலப்பக்கம் திரும்பிப் போயிற்று. வேகத்தடை ஒவ்வொன்றிலும் தவழ்ந்து ஏறித் தவழ்ந்து இறங்கியது. சட்டம் கேட்பதைவிட மெதுவாக.

"அவளுக்கு நோகாம ஓட்டியிருக்கான்" என்றான் தம்பி. அதைச் சொல்வதற்குள் அவனுக்கு மனசு நொந்துவிட்டது.

"பேசாம இரு."

"நான் இப்படி ஓட்டினதில்லக்கா. திட்டிக்கிட்டே ஓட்டுவேன்."

பின்னால் இன்ஜினியர் தன் பக்கத்துக் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கும் நடுவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அந்த இடத்தை அவன் பார்க்கவும் இல்லை, பார்க்காமலும் இல்லை. நாலு விரக்கடை வழியாக வந்த காற்று காலி இருக்கையின் பெல்ட்டை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.

கடைகள் முடிந்தன. நீளமான தொழிற்சாலைச் சுவர் ஒன்று தொடங்கியது. அது வந்ததும் காரின் நடத்தையே மாறிவிட்டது. வேகம் கூடியது. பின்கதவுகள் இரண்டும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன.

"நான் ஒண்ணும் பண்ணல!" என்றான் இன்ஜினியர், யாரும் கேட்காமலேயே.

தம்பி காலைப் பிரேக்குக்கு மேலே கொண்டுபோனான். "இங்க எதுக்குப் பூட்டணும்? யாரைப் பாத்துப் பயம்?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆளில்லாத வாசல், துருப்பிடித்த சங்கிலி, மறுபடியும் சுவர். ஒரு மனிதனிடமிருந்து பயத்தைக்கூடக் கற்றுக்கொண்டு, அந்த மனிதன் போன பிறகும் அதே இடத்தில் பயப்படுகிற யந்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

இன்ஜினியரின் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பேசினான். "ஆமா சார்... மேடம் அழுத்தல சார்... சரி சார்."

"என்னவாம்?"

"கம்பெனி சோதனையிலேர்ந்து விலகிக்குது மேடம். உங்க ஆபீசுக்குத் தகவல் அனுப்பிக்கிட்டிருக்காங்க. அது போய்ச் சேர்ந்த உடனே வண்டி எங்க கைக்கு வந்துடும். திருப்பிக் கூட்டிட்டுப் போய் அழிச்சிடுவாங்க." அவன் கைப்பேசியைப் பைக்குள் போட்டான். "எனக்கும் இது பிடிக்கல மேடம். ஆனா நான் சின்ன ஆளு."

சுவர் முடிந்து ஒரு வரிசை வீடுகள் வந்தன. பாதிக்கு மேல் காலி. கடைசி வீட்டு வாசலில் கார் நின்றது. மாடி வீடு. மாடி ஜன்னல்களில் உள்பக்கமிருந்து செய்தித்தாள் ஒட்டியிருந்தது. கீழே வாசல் கதவு சாத்தியிருந்தது.

கார் இரண்டு முறை ஹாரன் அடித்தது. முரட்டு ஹாரன் இல்லை. தெரிந்தவர்களைக் கூப்பிடுகிற ஹாரன்; சின்னதாய் ஒன்று, இன்னும் சின்னதாய் ஒன்று.

பூட்டு விடுபட்டது. பின்கதவு திறந்தது. கார் காத்திருந்தது.

தம்பி பெல்ட்டைக் கழற்றப் போனான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "எழுந்திரிக்காத. நீ எழுந்தா சோதனை முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். வண்டி அவங்க கைக்குப் போயிடும்."

"அவ உள்ள இருக்காக்கா."

"இருக்காளோ இல்லையோ. போலீஸ்காரனைக் கூட்டிட்டு வந்து 'கார் இங்க தானா வந்துச்சு'ன்னு சொன்னா சிரிப்பான். அவனுக்குக் காட்ட நம்மகிட்ட இது ஒண்ணுதான்டா இருக்கு. இதையும் அழிச்சுட்டாங்கன்னா?"

ஸ்டியரிங் லேசாகத் திரும்பியது. இதுவரை திரும்பியது போல நிதானமாக இல்லை. வெடுக்கென்று, அந்நியமாக.

"கன்ட்ரோல் ரூம்ல வண்டியைக் கையில எடுக்கறாங்க மேடம்" என்றான் இன்ஜினியர் மெதுவாக. "அழுத்தறதா இருந்தா இப்ப அழுத்துங்க."

அக்கா அழுத்தினாள்.

திரை அணைந்தது. விளக்குகள் அணைந்தன. ஸ்டியரிங் பாதித் திருப்பத்தில் இறுகி நின்றது. இதுவரை இருந்ததே தெரியாத ஏதோ ஒரு மெல்லிய முனகல் அடங்கியபோதுதான், அது இவ்வளவு நேரமும் இருந்தது தெரிந்தது.

கார் இனி அரசாங்கத்தின் பொறுப்பில். யாராலும் அழிக்க முடியாது. அக்காவுக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. தன் உத்தியோகம் போனாலும் போகட்டும், செய்ய வேண்டியதைச் சரியான நேரத்தில் செய்துவிட்டோம் என்ற நிம்மதி.

அப்போது வீட்டின் வாசல் கதவு திறந்தது.

வெறுங்காலோடு ஒருத்தி ஓடிவந்தாள். தோளில் பை. அது இப்போது எடுத்து மாட்டிய பை இல்லை. எப்போதும் தயாராக மாட்டியே இருந்த பை. தலையைத் தூக்காமல், யாரையும் பார்க்காமல், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"எடுங்க. ஏன் இத்தனை மாசம் வரல? எடுங்க, சீக்கிரம், மாடியில அவர் முழிச்சுக்கிட்டார், என்னை விடமாட்டார்."

பக்கத்தில் இருந்த இன்ஜினியரைக்கூட அவள் பார்க்கவில்லை. பதில் வராததால் நிமிர்ந்தாள். ஓட்டுநருக்கு மேலே இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கண்கள் யாருடையவை என்று அடையாளம் தெரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை, விளக்கம் சொல்லவில்லை.

"நீங்களாவது எடுங்க" என்றாள்.

தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தான். அன்று முதல்முறையாகக் கைகளால், நிஜமாகப் பிடித்தான். அது கல்லாக இருந்தது. மிதித்தான், திருகினான், தன் முழு பலத்தையும் போட்டு உலுக்கினான்.

"அக்கா, ஓட்டச் சொல்லுக்கா. அதை ஓட்டச் சொல்லு."

அக்கா பொத்தானை மறுபடி அழுத்தினாள். மறுபடி, மறுபடி. அது ஒரே ஒரு முறை கீழ்ப்படிவதற்காகச் செய்யப்பட்ட பொத்தான்.

திறந்து கிடந்த வாசலுக்கு உள்ளே, மாடிப்படியில் யாரோ இறங்கிவரும் சத்தம் கேட்டது. அந்தக் கால்களுக்கு அவசரமே இல்லை.